திருவிழாவுக்குத் திரளும் ஊர் கிராம சபைக்கும் வர: செட்டிநாட்டு உள்ளாட்சிகளுக்குச் சில கேள்வி பதில்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் வட்டாரத்தில் வார்டு உறுப்பினராக இருந்தவர்கள், ஊராட்சிச் செயலர்கள், மகளிர் குழுத் தலைவிகள், வேலை ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊர் திரும்பியவர்கள் எனப் பலர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. பல வருடம் கிராம சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தும், சில தடவை முன்னால் நின்று ஏற்பாடு செய்தும் பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். சட்டம் சொல்வது எது, என் கருத்து எது என்பது படிப்பவருக்குத் தெரியும்படியே எழுத முயன்றிருக்கிறேன்.

திருவிழா என்றால் ஊரே திரள்கிறது. கிராம சபைக்கு மட்டும் ஏன் ஆள் வருவதில்லை?

இந்தக் கேள்விக்கு விடை நம் ஊர்த் திருவிழாவிலேயே இருக்கிறது. நாட்டரசன்கோட்டையில் கண்ணுடையநாயகி அம்மன் கோயில் செவ்வாய்ப் பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். தைப் பொங்கலுக்குப் பின் வரும் செவ்வாய்க்கிழமை, நகரத்தார் குடும்பங்கள் எங்கெங்கிருந்தோ வந்து சேர்கின்றன. முதல் பானையை யார் வைப்பது என்பதைப் பணமோ பதவியோ முடிவு செய்வதில்லை. புள்ளிகளின் பெயரை எழுதிப் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. நேற்றுக் கல்யாணம் ஆனவனுக்கும் ஒரு சீட்டு, எண்பது வயதுக்காரருக்கும் ஒரு சீட்டு. தன் பெயர் அந்தக் குடத்துக்குள் இருக்கிறது என்று தெரிந்தவன் சிங்கப்பூரில் இருந்தாலும் டிக்கெட் எடுத்து வருகிறான்.

அய்யனாருக்கு மண் குதிரை செய்து தூக்கிப் போகும் கிராமத்துப் புரவி எடுப்பிலும் அப்படித்தான். குதிரை செய்யப் பிடிமண் கொடுப்பது ஒருவர், செய்வது மண்பாண்டம் வனையும் வேளார், தூக்கிச் செல்வது இன்ன தெரு இளைஞர்கள், தண்ணீர்ப் பந்தல் இன்னார் பொறுப்பு. அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும். திருவிழா முடிந்த சில நாளில் ஊரைக் கூட்டி வரவு செலவு வாசிப்பார்கள். பத்து ரூபாய் இடித்தாலும் எழுந்து நின்று கேட்க ஆள் உண்டு.

ஆக மூன்று விஷயங்கள்: எண்ணிக்கையில் நம் பெயர் இருக்கிறது, கையில் ஒரு வேலை இருக்கிறது, முடிவில் கணக்கு காதில் விழுகிறது. பல ஊர்க் கிராம சபைகளில் இந்த மூன்றுமே கிடையாது. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே அழைத்து உட்கார வைத்து, கையெழுத்து வாங்கி, ஏற்கெனவே எழுதி வைத்த தீர்மானத்தை வாசித்துவிட்டு முடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். அங்கே வராதவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோயிலின் வழக்கத்தில் ஒரு குறை உண்டு. அது தன் கூட்டத்தாரை மட்டும் எண்ணும். ஊராட்சி எல்லோரையும் எண்ண வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்த ஒரு வேலையைச் சுற்றித்தான்.

கிராம சபை எந்த நாட்களில் நடக்கும்? எத்தனை பேர் வர வேண்டும்?

முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு நாள். 2022 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆறு நாள். தேவை ஏற்பட்டால் சிறப்புக் கிராம சபையும் கூட்டலாம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் சபையின் உறுப்பினர்தான். யாரும் அழைக்க வேண்டியதில்லை, யாரும் தடுக்கவும் முடியாது.

குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நம் வட்டாரத்தில் பெரும்பாலான ஊராட்சிகளுக்கு நூறு அல்லது இருநூறு. ஒரு கல்யாணத்துக்கு வருகிற கூட்டத்தில் ஒரு பந்திக்குக்கூட ஆகாத எண்ணிக்கை இது.

எங்கள் ஊராட்சியில் இப்போது தலைவரே இல்லை. தனி அலுவலர்தான். கூட்டம் நடக்குமா?

நடக்க வேண்டும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. ஆனால் கிராம சபை என்பது மன்றம் அல்ல. மன்றத்தின் காலம் முடியும், சபையின் காலம் முடிவதே இல்லை. தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத காலத்தில்தான் ஊர்க்காரர்கள் கூடுதலாக வர வேண்டும் என்பது என் எண்ணம். தெருவிளக்கு எரியவில்லை என்று வாசலில் நின்று சொல்ல ஒரு தலைவர் வீடு அப்போது இருக்காது அல்லவா?

நாங்கள் இருப்பது கானாடுகாத்தான் மாதிரி பேரூராட்சி. நகரத்துக்காரர்களுக்கு என்ன வழி?

நகர்ப்புறத்துக்கு வார்டு குழு, பகுதி சபா என்று இரண்டு அமைப்புகள் உண்டு. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் வார்டு குழு பற்றிப் பேசப்பட்டாலும், தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2022-ல்தான் வந்தன. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசுவது பகுதி சபா. கவுன்சிலர் தலைமையில் இயங்குவது வார்டு குழு.

இது பலருக்குத் தெரியவே தெரியாது. 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும், சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர் போன்ற ஊராட்சிகளும் அதோடு இணைந்தன. ஊராட்சியாக இருந்தவரை கிராம சபை என்று ஒரு இடம் இருந்தது. இப்போது குப்பை, வரி எல்லாவற்றுக்கும் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று அங்குள்ளவர்கள் வருந்துவதில் நியாயம் உண்டு. அந்த வருத்தத்தைத் தீர்க்க மாநகராட்சியின் கையில் இருக்கும் ஒரே கருவி பகுதி சபாதான். அதைப் பழைய ஊராட்சி அலுவலக வாசலிலேயே, பழைய ஊர்ப் பெயரைச் சொல்லியே கூட்டினால் நல்லது.

எப்படி அழைத்தால் வருவார்கள்?

அலுவலகப் பலகையில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்து யாரும் வருவதில்லை. தண்டோரா போடும் வழக்கத்தை 2022-ல் அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. அது சரியான முடிவு. ஒரு சாதிக்காரரை மட்டும் பறையோடு தெருத் தெருவாக நடக்க விட்ட வழக்கம் போனதில் யாருக்கும் நட்டமில்லை. அதன் இடத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. ஆனால் ஆட்டோ ஓடும் வேகத்தில் "பொதுமக்கள் அனைவரும்..." என்பது மட்டும்தான் காதில் விழுகிறது.

நான் பார்த்தவரை பலன் தருவது வீடு வீடாக அழைப்பதுதான். செட்டிநாட்டில் ஒரு காரியத்துக்கு அழைக்கிற முறை எல்லோருக்கும் தெரியும். முகப்பில் நின்று, பெயர் சொல்லி, இந்தக் காரியம், இந்த நேரம், அவசியம் வர வேண்டும் என்று சொல்ல வேண்டும். அப்படி அழைக்காத கல்யாணத்துக்கு உறவுக்காரனே போகமாட்டான், கிராம சபைக்கு மட்டும் எப்படி வருவான்? வார்டு உறுப்பினரோ மகளிர் குழுப் பெண்ணோ ஆளுக்கு இருபது வீடு என்று எடுத்துக்கொண்டால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

அழைப்பில் "கிராம சபை நடக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வீட்டைத் தொடும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். "அத்தாச்சி, உங்க தெருக் குழாய்க்கு நாள் விட்டு நாள் தண்ணி வருதே, அதைப் பேசப்போறோம்" என்றால் அத்தாச்சி வருவார், பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டி வருவார்.

நேரமும் முக்கியம். பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் என்றால் கூலி வேலைக்குப் போகிறவர் வரமாட்டார். கிராம சபையின் நாளையும் நேரத்தையும் ஊராட்சி தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாதபோதும், அதற்கு முந்தைய வாரம் ஒவ்வொரு குக்கிராமத்திலும் இரவு ஏழு மணிக்கு மரத்தடியில் ஒரு சின்னக் கூட்டம் போட எந்தத் தடையும் இல்லை. அங்கே பேசியதை எழுதி எடுத்து வந்து சபையில் வைக்கலாம். சொன்ன நேரத்துக்குத் தொடங்குவது அதைவிட முக்கியம். காரைக்குடிக் கம்பன் விழா 1939-லிருந்து நடந்து வருகிறது. அது குறித்த நேரத்துக்குத் தொடங்குவதற்குப் பெயர்போனது, அதனால்தான் கூட்டமும் குறித்த நேரத்துக்கு வந்து உட்காருகிறது.

பெண்கள்தான் அதிகம் வருகிறார்கள். ஆனால் வாய் திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

பேசாமல் இருப்பது அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாததால் அல்ல. தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, ரேஷனில் என்ன குறைகிறது, எந்தக் கழிவுநீர் எந்த வாசலில் தேங்குகிறது என்பதெல்லாம் ஆண்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும். மைக்கைப் பிடித்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னால், மாமனார் முறையில் உள்ளவர் எதிரில் நின்று பேசுவதுதான் தயக்கம்.

ஒரு வழி, முதல் நாள் மாலை மகளிர் மட்டும் கூடுவது. நம் ஊர்களில் சுய உதவிக் குழுக்களும், ஊராட்சி அளவில் அவற்றின் கூட்டமைப்பும் ஏற்கெனவே இயங்குகின்றன. சேமிப்பு, கடன் கணக்கு பேசக் கூடுகிற அதே வட்டத்தில் இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஊருக்கு வேண்டியவை எவை என்று மூன்றை எழுதச் சொல்லுங்கள். மறுநாள் சபையில் அந்தத் தாளை ஒருவர் வாசித்தால் போதும். தனி ஆள் குறை சொல்வது வேறு, குழு எழுதிய தாளை வாசிப்பது வேறு. முதல் தடவை கை நடுங்க வாசித்தவர் அடுத்த தடவை தாள் இல்லாமலே பேசியதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, தலைவர் நாற்காலி. 2016-ல் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் சட்டமானது. ஆனாலும் தலைவியின் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காரும் ஊர்கள் இருக்கின்றன. கேள்வி கேட்டால் அவர்தான் பதில் சொல்வார். சபையில் இருப்பவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. சண்டை வேண்டாம். "தலைவர் சொல்லட்டும் அண்ணே, அவுங்களுக்குத்தானே ஓட்டுப் போட்டோம்" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னால் போதும். அந்தத் தலைவிக்கு அது பெரிய பலம்.

ஒரு குடியிருப்பு மக்கள் மட்டும் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. கூப்பிட்டும் வரவில்லை.

எங்கே கூட்டுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். கோயில் மண்டபத்திலோ, ஒரு சமூகத்துக்குச் சொந்தமான பொட்டலிலோ கூட்டினால், நேற்று வரை அங்கே உட்கார அனுமதி இல்லாதவர் இன்று எப்படி வந்து உட்காருவார்? வழிபாட்டு இடங்களில் கிராம சபை கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று அரசு அறிவுறுத்தியே இருக்கிறது. அதை அப்படியே பின்பற்றுங்கள். ஒரு தடவையாவது காலனிக்குள் பந்தல் போட்டு, ஊர்த்தெருக்காரர்கள் அங்கே நடந்து போய் உட்காரட்டும்.

தேவகோட்டைப் பக்கம் கண்டதேவியில் பட்டியல் சமூகத்தார் தேர்வடம் பிடிக்கும் உரிமைக்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததை இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிவோம். தேர் பல வருடம் நின்றுகிடந்து, 2024-ல்தான் மறுபடி ஓடியது. அந்த நினைவு இருக்கும்வரை "கூப்பிட்டோம், வரவில்லை" என்பது போதிய பதில் ஆகாது. அழைக்கப் போகிறவர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தாரா என்பதை அவர்கள் கவனிக்கிறார்கள். போன வருடம் அவர்கள் கேட்ட மயானப் பாதை என்ன ஆயிற்று என்பதையும் கவனிக்கிறார்கள். பாதையைப் போட்டுவிட்டு அழையுங்கள்.

பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பவர்களை எப்படிச் சேர்ப்பது?

செட்டிநாட்டுக்கே உரிய கேள்வி இது. ஒரு தெரு நீளத்துக்கு வீடு, ஆனால் விளக்கு எரிவது மூன்றில். கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கதவு திறக்கும், பிறகு பூட்டு. 2014-ல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் ஓடு ஒழுகாமல் இருக்காது.

முதலில் சட்டம். வாக்காளர் பட்டியலில் பெயர் வேறு ஊரில் இருந்தால் இங்கே சபையில் அவர் உறுப்பினர் ஆகமாட்டார். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் குடியுரிமையை விடாதவர் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம், ஆனால் வாக்களிக்க நேரில்தான் வர வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவருக்கு அந்த வழியும் இல்லை.

சட்டம் இடம் தராவிட்டாலும் ஊர் இடம் தரலாம். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களும் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. உலகில் எந்த மூலையில் கல்யாணம் என்றாலும் கோயில் மாலை வருகிறது, புதுப் புள்ளி பதிவாகிறது, வரி போகிறது. ஊராட்சியும் ஒரு பதிவேடு வைக்கலாம். வீட்டு எண், உரிமையாளர், இப்போது இருக்கும் ஊர், தொலைபேசி, சாவி யாரிடம் இருக்கிறது. எல்லாச் சமூகத்துக்கும் சேர்த்து, திருப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போன குடும்பங்களையும் சேர்த்து எழுத வேண்டும். சாவி விவரம் மட்டுமே பெரிய உதவி. மழைக்குப் பின் பூட்டிய வீட்டு வளவில் நிற்கும் தண்ணீரில் கொசு பெருகிப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது யாரைக் கேட்பது என்று தெரியாமல் சுகாதாரப் பணியாளர் நிற்கிறார்.

பிறகு பணம். வெளியூரில் இருப்பவர் கோயில் திருப்பணிக்கு இலட்சம் இலட்சமாகத் தருகிறார், ஊர்ச் சாக்கடைக்குத் தருவதில்லை என்று சலித்துக்கொள்கிறோம். ஊர்ச் சாக்கடைக்காக அவரிடம் யார் கேட்டார்கள்? எந்தக் கணக்கைக் காட்டினார்கள்? நமக்கு நாமே திட்டம் இதற்கென்றே இருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும். ஊருணிக் கரை, பள்ளிச் சுற்றுச்சுவர், பூங்கா, நூலகம் எல்லாம் எடுக்கலாம். அரசுப் பள்ளிக்கு மட்டும் என்றால் நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டம் தனியாக உண்டு. வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் தந்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. கொடுக்கிற குணம் இந்த மண்ணில் வற்றிவிடவில்லை. எதற்கு, எவ்வளவு, யார் பொறுப்பு என்று ஒரே தாளில் எழுதிக் கேட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் படமும் ரசீதும் அனுப்புங்கள்.

ஓர் எச்சரிக்கை. பணம் தந்தவர் வெளியூரிலிருந்து முடிவும் செய்யக் கூடாது. எந்த வேலை முதலில் என்பதை இங்கே குடியிருக்கிறவர்கள் சபையில்தான் தீர்மானிக்க வேண்டும்.

பொது வேலை ஒன்றை எடுத்துத் தொடங்க நினைக்கிறோம். எது நல்லது?

ஊருணி. யோசிக்காமல் சொல்வேன். இங்கே வற்றாத ஆறு கிடையாது, வானத்தை நம்பிய பூமி. வீட்டு ஓட்டில் விழுந்த மழை வாசலுக்கு வந்து, தெருவோரக் கால்வாயில் ஓடி, ஊருணியில் சேரும்படி ஊரையே கட்டியவர்கள் நம் முன்னோர். அந்த ஊருணியைச் சுற்றி எல்லாச் சமூகத்துக்கும் வேலை இருக்கிறது என்பதால் தொடங்க அது பொருத்தம்.

ஆனால் தூர் வாருவதில் தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஜேசிபி வருகிறது, படம் எடுக்கிறார்கள், மழை பெய்தும் ஊருணி நிறைவதில்லை. காரணம், வரத்துக்கால் அடைபட்டிருக்கும். எங்கோ ஒரு படிக்கட்டு, எங்கோ ஒரு கழிவறைத் தொட்டி, எங்கோ ரோடு போட்டபோது மூடிய குழாய். ஆகவே முதல் ஞாயிறு, மழை வரும் பாதையைப் பத்துப் பேர் நடந்து பார்க்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் காகிதத்தில் வரையட்டும். பழைய பாதை எது என்று சொல்ல ஒரு அப்பத்தாவையோ, முன்பு தண்ணீர் பாய்ச்சியவரையோ கூட அழைத்துப் போங்கள். தெருவாரியாகப் பிரித்து, இந்த நூறு அடி இந்தத் தெரு என்று பெயர் எழுதுங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் பெயர் சொல்லித் திட்டாமல், சபையில் அளவுத் தாளை வையுங்கள். வருவாய்த் துறை அளந்து சொல்லட்டும்.

வேலைக்கு வந்தவர் பெயரை ஊராட்சி வாசல் பலகையில் எழுதுங்கள். இருபதாயிரம் தந்தவர் பெயரும் இரண்டு மணி நேரம் மண் வெட்டியவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும்.

கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடக்கிறதே, பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையோடும் வலையோடும் அக்கம்பக்கத்து ஊரெல்லாம் இறங்குமே, அந்த நாளைச் சும்மா விடாதீர்கள். கரையில் நிற்கிற அத்தனை பேரிடமும் அடுத்த வருட மடைப் பராமரிப்பு பற்றிப் பேசுவதற்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

இளைஞர்கள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் பேசுகிறார்கள்.

அதையே பயன்படுத்துங்கள். எரியாத விளக்கின் படம் வரட்டும், சரி செய்ததும் பதில் படம் போகட்டும். மஞ்சுவிரட்டுக்குத் தடுப்புக் கட்டுவதிலிருந்து கூட்டத்தைப் பிரித்து நிற்க வைப்பது வரை அவர்கள்தான் செய்கிறார்கள். சிராவயலுக்குப் போய்ப் பாருங்கள், எத்தனை பெரிய நிர்வாகம் அது. அப்படிப்பட்டவர்களைக் கிராம சபையில் நாற்காலி போட மட்டும் கூப்பிடுவது தவறு. ஒரு பொறுப்பை முழுதாகக் கொடுங்கள். 2006-க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சி தோறும் கட்டிய நூலகக் கட்டடங்கள் பல பூட்டியே கிடக்கின்றன. அந்தச் சாவியை ஐந்து பேரிடம் கொடுத்து, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற இடமாக நடத்தச் சொல்லலாம்.

வாடகைக்கு இருப்பவர்கள், வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்?

ஓட்டு இல்லாவிட்டால் தீர்மானத்தில் கை தூக்க முடியாது, அவ்வளவுதான். குறை சொல்லலாம், வேலை செய்யலாம், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோராக இருக்கலாம். கட்டட வேலையிலும் ஓட்டல்களிலும் இருக்கும் வடநாட்டுப் பையன்களிடம் குப்பையை எப்படிப் பிரிப்பது என்று இந்தியில் நான்கு வரி எழுதிக் கொடுத்தாலே பாதிச் சண்டை குறையும்.

கூட்டத்தில் கட்சிச் சண்டை வந்துவிடுகிறது.

பொதுவாகப் பேசினால் சண்டை வரும், குறிப்பாகப் பேசினால் குறையும். "ஊராட்சியில் ஊழல்" என்றால் கூச்சல். "மூன்றாவது தெரு சிமெண்ட் சாலை எத்தனை மீட்டர், எவ்வளவு செலவு?" என்றால் பதில் வர வேண்டும். பேச விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுப்பதும், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைப்பதும் உதவும். கூட்டத்தை நடத்துபவர் குரலை உயர்த்தாமல் இருந்தால் அது அனைத்தையும்விட உதவும்.

தீர்மானம் போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி எப்படி மக்களைக் கூப்பிடுவது?

அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாகப் போன தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். முடிந்தது, நடக்கிறது, நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை. "ஒன்றியத்துக்கு அனுப்பினோம், நிதி இல்லை என்று திருப்பிவிட்டார்கள்" என்பதும் ஒரு பதில்தான். மக்கள் "இல்லை" என்பதைத் தாங்கிக்கொள்வார்கள். பதிலே வராததைத்தான் தாங்கமாட்டார்கள். அதே தாளின் நகல் டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டப்பட்டிருக்கட்டும்.

வரவு செலவு வாசிப்பதும் அப்படித்தான். அது கிராம சபையின் கட்டாயப் பொருள்களில் ஒன்று. கோடியும் இலட்சமுமாக ஒரே மூச்சில் வாசித்தால் யாருக்கும் புரியாது. "தெருவிளக்குக்கு மாதம் இவ்வளவு, நம்ம ஊர் வீட்டு வரி மொத்தம் இவ்வளவு" என்று வாசித்தால் வரி கட்டாதவரே தலையைச் சொரிவார்.

மக்கள் பக்கம் இருந்து செய்ய வேண்டியதும் உண்டு. தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். நகல் கேளுங்கள், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிராமப்புறக் குறைகளுக்கு ஊராட்சி மணி 155340, எல்லாத் துறைக்கும் முதல்வரின் உதவி மையம் 1100.

இந்தப் பக்கத்தில் எங்காவது இப்படி நடந்து பார்த்திருக்கிறோமா?

குன்றக்குடியில் நடந்தது. தவத்திரு குன்றக்குடி அடிகளார் மடத்தின் தலைவராக இருந்துகொண்டே, 1970-களில் கிராமத் திட்டம் ஒன்றைக் கையில் எடுத்தார். ஊரில் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தொழில் தெரியும் என்று கணக்கெடுத்து, கூட்டுறவு அமைப்புகளும் சிறு தொழில்களும் தொடங்கி, பக்கத்தில் இருந்த காரைக்குடி ஆய்வகத்தின் விஞ்ஞானிகளையும் ஊருக்குள் அழைத்து வந்தார்கள். குன்றக்குடி மாதிரி என்று டெல்லி வரை பேசப்பட்டது. எனக்கு அதில் பிடித்தது, பெரிய மனிதர் ஒருவர் மேலே இருந்து கொடுத்ததாக இல்லாமல், ஊர்க்காரர்களை உட்கார வைத்துத் திட்டம் போட்டது. மடம் இல்லாத ஊருக்கு அடிகளார் கிடைக்கமாட்டார் என்று சிலர் சொல்வார்கள். கணக்கெடுப்புக்கு அடிகளார் வேண்டாம், ஒரு நோட்டும் நான்கு பெண்களும் போதும்.

கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு டீ, வடை கொடுக்கலாமா? விமர்சிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

தாராளமாகக் கொடுங்கள். கூட்டச் செலவுக்கு ஒரு வரம்புக்குள் ஊராட்சி நிதியில் இடம் உண்டு. விருந்தோம்பலுக்குப் பெயர் வாங்கிய சீமையில் வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவது முறையும் அல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரு தெரு பொறுப்பெடுக்கட்டும். எல்லாத் தெருவுக்கும் முறை வர வேண்டும், எல்லோருக்கும் ஒரே டம்ளர்.

ஒன்று மட்டும் ஊராட்சிச் செயலருக்கு. நன்றி நவின்றதும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். மைக் முன்னால் எழுந்திருக்காதவர்கள் டம்ளரைக் கையில் வாங்கிய பிறகுதான் பக்கத்தில் நிற்பவரிடம் "அண்ணே, எங்க சந்துல ஒரு கம்பம் சாஞ்சு நிக்குது" என்று தொடங்குவார்கள். டீ கேன் காலியாகும் வரை அந்த நோட்டு திறந்தே இருக்கட்டும்.